எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்குக் கல்விக் கடனும் உதவிப் பணமும்: தோட்டப்புறக் குடும்பங்களுக்குத் துணை நிற்போருக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு வரும் குடும்பங்கள் தேடுவது மூன்று பேரைத்தான்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகத்தில் இருக்கும் இளைஞர், பல்கலைக்கழகம் போய் வந்த பக்கத்து வீட்டு அக்கா. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது. பெற்றோரும் பிள்ளையும் தாங்களே படித்துச் செய்யலாம்.

தகுதி இருந்தும் உதவி கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள். பத்திரங்களில் பெயர் ஒத்துப்போகாது, அல்லது கடன் பணம் கைக்கு வருமுன் பதிவு நாள் வந்துவிடும். கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் மனத்தில் வைத்து அமைந்தது. வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும்.

1. படிவத்துக்கு முன் பத்திரம்

எந்த இணையத்தளத்தையும் திறக்க வேண்டாம். முதலில் இவை மேசைக்கு வரட்டும்: பிள்ளையின் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், அப்பா அம்மா இருவரின் அடையாள அட்டை, திருமணப் பத்திரம், எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வின் முடிவுத் தாள். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புப் பத்திரம் வேண்டும். பிரிந்திருந்தால் நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

அடுத்து, பிள்ளையின் பெயரையும் அப்பாவின் பெயரையும் ஒவ்வொரு பத்திரத்திலும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். லெட்சுமி என்ற பெயர் அடையாள அட்டையில் ஆங்கில 'ஐ' எழுத்தில் முடிந்திருக்கும், எஸ்.பி.எம். தாளில் 'ஒய்' எழுத்தில் முடிந்திருக்கும். முனியாண்டி ஒன்றில் ஒரே சொல்லாகவும் இன்னொன்றில் இரண்டாகப் பிரிந்தும் நிற்கும். மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' ஒரு பத்திரத்தில் விடுபட்டிருக்கும். அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியது அப்படியே தங்கிவிட்டது. இணையப் படிவம் அடையாள அட்டை எண்ணை வைத்துப் பெயரைச் சரிபார்க்கும்போது இந்த ஒரு எழுத்து போதும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அடையாள அட்டையிலோ பிறப்புப் பத்திரத்திலோ தவறு இருந்தால் தேசியப் பதிவுத் துறைக்குப் போக வேண்டும். தேர்வுத் தாளில் தவறு இருந்தால் பள்ளி வழியாகத் தேர்வு வாரியத்துக்கு எழுத வேண்டும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும். நான்காம் படிவத்திலேயே பார்த்துவிட்டால் திருத்திக்கொள்ள ஒரு வருடமாவது கையில் இருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெற்றோர் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, திருமணத்தைப் பதியாமல் விட்டிருப்பார்கள். திருமணம் பதிவாகாமல் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் சேரும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்று பதிவாகியிருக்கும். அரசாங்க உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் தரும் கடன் மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் முன் உட்கார்ந்தால் கடன் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, அன்றைக்கே குடியுரிமை விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அது வருடக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பத்திரங்களையும் பார்த்து வைக்கச் சொல்கிறோம்.

2. ஒரு மின்னஞ்சல், ஒரு கைபேசி எண், ஒரு வங்கிக் கணக்கு

மூன்றும் பிள்ளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், படிப்பு முடியும்வரை மாறாமல் இருக்க வேண்டும்.

மின்னஞ்சலை இணைய மையக் கடைக்காரர் தம் வசதிக்குத் திறந்து கொடுத்தால் கடவுச்சொல் அவரிடமே தங்கிவிடும். பிள்ளையே தன் கைபேசியில் திறக்கட்டும். கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் கோப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

கைபேசி எண்தான் அதிகம் பேரைக் காலை வாருகிறது. பிரிபெய்ட் சிம்முக்கு டாப்அப் போடாமல் விட்டால் எண் காலாவதியாகிவிடும். சரிபார்ப்பு எண் அந்தப் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும், கணக்குக்குள் நுழைய முடியாது. விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது அம்மாவின் பொறுப்பு என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் தனிப் பெயரில் வேண்டும். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு கடன் பணத்துக்கு உதவாது. பல மாதம் பணம் போடாமல் எடுக்காமல் கிடக்கும் கணக்கை வங்கி முடக்கி வைக்கும், அதற்குள் பணம் போகாமல் திரும்பிவிடும். கணக்கு திறந்த பிறகு மாதம் 10 ரிங்கிட்டாவது போட்டு வரச் சொல்லுங்கள்.

3. வருமானச் சான்று

ஏறக்குறைய எல்லா உதவிக்கும் அடிப்படை குடும்ப வருமானம். தோட்ட நிர்வாகத்தில் நேரடியாக வேலை செய்பவருக்குச் சிக்கல் இல்லை. ஆபீஸ் கிராணியிடம் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஒரே மாதச் சீட்டு போதாது. செம்பனைக் காய் அதிகமாக விழுந்த மாதத்தில் சம்பளமும் ஓவர்டைமும் ஏறியிருக்கும், அதைப் பார்க்கும் அதிகாரி குடும்பமே வசதியானது என்று எண்ணிவிடுவார்.

குத்தகைக்காரரிடம் குலை வெட்டும் அப்பாவுக்கு, வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்குச் சம்பளச் சீட்டே இருக்காது. பெங்குலு என்ற வட்டாரத் தலைவரோ சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமோ கையெழுத்திட்ட வருமான உறுதிக் கடிதம் வேண்டும். தொகையைக் குறைத்து எழுதச் சொல்லும் ஆசை சிலருக்கு வரும். கூடாது. அரசாங்க ரொக்க உதவியான எஸ்டிஆர் பதிவில் ஒரு தொகையும் இங்கே வேறு தொகையும் இருந்தால் இரண்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எஸ்டிஆர் என்ற சும்பாங்கான் துனாய் ரஹ்மா பெறும் குடும்பமா என்று கட்டாயம் கேளுங்கள். பிடிபிடிஎன் கடன் அளவை முடிவு செய்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்டிஆர் பெறுவோரின் பிள்ளைக்கு அதிகபட்ச அளவு கிடைக்கும், வருமானம் கூடக் கூடத் தொகை குறையும். மாத வருமானம் 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டும் பதியாமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'எங்களுக்கு வராதுங்க' என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள், அடையாள அட்டை எண்ணைப் போட்டு நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள்.

4. சேமிப்பு: எதற்காக, எவ்வளவு

1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் வீட்டிடம் பட்டப்படிப்புச் செலவு முழுவதையும் சேமிக்கச் சொல்வது நியாயம் இல்லை. படிப்புக் கட்டணத்துக்குக் கடன் இருக்கிறது. பதிவு நாளுக்கும் முதல் கடன் பணம் வரும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான் கடன் இல்லை. சேமிப்பின் குறி அந்த இடைவெளியாக இருக்கட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம் 1,500. இரண்டு மாதச் சாப்பாடு நாளைக்கு 15 வீதம் 900. பேருந்து, மெத்தை விரிப்பு, வாளி, புத்தகம் 600. மொத்தம் 3,000 ரிங்கிட். இடைநிலைப்பள்ளியின் ஐந்து வருடமும் மாதம் 50 போட்டால் அந்தத் தொகை சேர்ந்துவிடும். முதலாம் ஆண்டிலேயே தொடங்கினால் மாதம் 25 போதும், 11 வருடத்தில் 3,300 இருக்கும். லாப ஈவு அதற்கு மேல்.

போட வேண்டிய இடம் பிடிபிடிஎன் நடத்தும் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புத் திட்டம். 20 ரிங்கிட்டில் கணக்கு திறக்கலாம், எல்லா இனத்தவருக்கும் பொது, போட்ட பணத்துக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. பிறகு பிடிபிடிஎன் கடன் கேட்கும்போதும் இந்தக் கணக்கு தேவைப்படும், ஆகவே எப்படியும் திறக்கத்தான் வேண்டும். இரண்டு வகை இருக்கிறது. 'பிரைம்' வகையில் முடிந்தபோது முடிந்ததைப் போடலாம். 'பிளஸ்' வகையில் மாதம் 30 முதல் 500 ரிங்கிட் வரை ஒரு தொகையைத் தேர்ந்து தவறாமல் போட வேண்டும், அதனோடு தக்காஃபுல் என்ற இஸ்லாமிய முறைக் காப்புறுதிப் பாதுகாப்பும் வரும். குலை வெட்டுச் சம்பளம் மழைக்காலத்தில் இறங்கும் குடும்பத்துக்குப் பிரைம்தான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கட்ட முடியாத மாதத்தில் மனம் நொந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். நிலையான சம்பளக்காரர் பிளஸ் எடுக்கலாம்.

வருடத்துக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு என்று விளம்பரத்தில் பார்ப்பீர்கள். வரி கட்டாத குடும்பத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதைக் காட்டிப் பெரிய தொகை போட வைக்க வேண்டாம்.

'நான் கூட்டு கட்டுறேன், அதுல எடுத்துக்கறேன்' என்று சொல்லும் அம்மாக்கள் நிறைய. கூட்டு (சீட்டு) நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட ஒன்று. எடுத்தவர் ஓடிவிட்டால் புகார் கொடுப்பதே சங்கடமாகிவிடும். பிள்ளையின் பதிவுப் பணத்தை அதில் வைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

5. இடம் கேட்கும் விண்ணப்பங்கள்

கடன் பிறகு. முதலில் படிக்க இடம் வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவருக்கு மூன்று பாதைகள், மூன்றும் தனித்தனி.

யூபியூ: அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் அசாசி என்ற அடிப்படைப் படிப்பு, டிப்ளோமா, பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி எல்லாம் இந்த ஒரே விண்ணப்பத்தில் அடங்கும். மெட்ரிகுலேஷன்: பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு, கல்வி அமைச்சின் தனித் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். யூபியூ போட்டதால் இதுவும் போட்டாகிவிட்டது என்று நினைப்பதுதான் ஆண்டுதோறும் நடக்கும் தவறு. ஆறாம் படிவம்: தகுதி உள்ளவருக்கு இடம் தானாகவே ஒதுக்கப்படும், இணையத்தில் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று கையில் இருக்கும்.

படிப்புத் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது பிள்ளைக்கு மிகவும் பிடித்ததை மட்டும் அடுக்காமல், தன் புள்ளிகளுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒரு பொலிடெக்னிக் படிப்பையாவது சேர்க்கட்டும். அங்கே ஒரு பருவக் கட்டணம் 200 ரிங்கிட்தான். அங்கிருந்து பட்டப்படிப்புக்குப் போகவும் வழி இருக்கிறது. கைத்தொழில் பயிற்சி விரும்பும் பிள்ளைக்குப் பிடிபிடிஎன் பொருந்தாது. திறன் சான்றிதழ் படிப்புகளுக்குப் பிடிபிகே என்ற வேறு கடன் நிதி இருக்கிறது.

இடம் கிடைத்ததும் கெடுவுக்குள் 'ஏற்கிறேன்' என்று இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். அழைப்பைக் கண்டு மகிழ்ந்து ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்தாமல் விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தச் சொல்லி, ஏற்புச் சீட்டை அச்சடித்துக் கோப்பில் வையுங்கள். இடம் கிடைக்காதவருக்கு மேல்முறையீடு உண்டு. அதற்குக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு, ஆகவே முடிவு வெளியாகும் அன்றே பாருங்கள்.

6. வாசலுக்கு வரும் தனியார் கல்லூரி முகவர்

முடிவு வந்த வாரமே வீடு தேடி வருவார். 'பிடிபிடிஎன் எல்லாம் கட்டிடும்மா, நீங்க ஒரு காசு போட வேண்டாம், லேப்டாப் இலவசம்' என்பார். கையெழுத்திடும் முன் அவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும், பதில் எழுத்தில் வேண்டும்.

படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா? எம்கியூஏ என்ற தகுதி அங்கீகார நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தும் குறிப்பிட்ட படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். பிடிபிடிஎன் அந்தப் படிப்புக்குக் கடன் தருகிறதா? முழுப் படிப்புக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு? நடுவில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும்?

பிறகு கழித்துப் பாருங்கள். வருடக் கட்டணம் 18,000 என்றும் கடன் வருடத்துக்கு 12,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 6,000, மாதத்துக்கு 500. சாப்பாடும் விடுதியும் இதில் சேரவில்லை. இந்த 500 எந்தக் கையிலிருந்து வரும் என்று அப்பாவிடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம். இரண்டாம் வருடத்தில் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைக்குச் சான்றிதழ் இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

7. பிடிபிடிஎன் கடன்: வரிசைப்படி

முதலில் எஸ்எஸ்பிஎன் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே திறங்கள். அடுத்து பிடிபிடிஎன் தளத்திலோ செயலியிலோ பிள்ளையின் பெயரில் பதிவு. அதன்பின் சேர்க்கை அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடன் விண்ணப்பம்.

கடிதத்தில் உள்ள படிப்பின் பெயர், தொடக்க நாள், முடியும் நாள் எல்லாம் அப்படியே படிவத்தில் வர வேண்டும். 'டிப்ளோமா கணக்கியல்' என்று இருப்பதை 'அக்கவுண்ட்ஸ்' என்று மனம்போனபடி நிரப்பினால் கல்லூரி கொடுக்கும் பட்டியலோடு ஒத்துப்போகாது.

பத்திரங்களைக் கைபேசியில் படமெடுக்கும்போது மடிப்பு நிழல் விழாமல், நான்கு மூலையும் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைப் பிள்ளை ஒருமுறை படிக்கட்டும், நீங்கள் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு இலக்கம் மாறினால் பல வாரம் போய்விடும்.

ஒப்புதல் வந்தபின் ஒப்பந்தம் உண்டு. விண்ணப்பம் போட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணி, ஒப்பந்தத்தைக் கெடுவுக்குள் முடிக்காதவருக்குப் பணம் வராது. ஒப்பந்தம் மலாயில் இருக்கும். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லி விளக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கியமாகச் சொல்ல வேண்டியது: இது நன்கொடை இல்லை, கடன். வருடத்துக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற நிர்வாகக் கட்டணம் சேரும். திருப்பிக் கட்ட வேண்டியவர் பிள்ளை.

8. பணம் வருமுன் பதிவு நாள்

பிள்ளை பதிவு செய்து, பல்கலைக்கழகம் அதை உறுதி செய்து, ஒப்பந்தம் முடிந்த பிறகே முதல் பணம் வரும். சில வாரம் ஆகும், சில நேரம் இரண்டு மாதமும் ஆகும். குடும்பங்கள் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதும், ஆலோங் என்ற உரிமமில்லா வட்டிக்காரரிடம் கை நீட்டுவதும் இந்த நாட்களில்தான். உரிமம் பெற்ற அடகுக் கடையிலேயே மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. ஆலோங் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழிகள் இருக்கின்றன. பிடிபிடிஎன் 1,500 ரிங்கிட் வரை கடன் முன்பணம் தருகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகம், பொலிடெக்னிக் போகும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. தானாக வராது, தனியாகக் கேட்க வேண்டும், முதல் கடன் பணத்தில் கழித்துக்கொள்வார்கள். அழைப்புக் கடிதம் வந்த அன்றே பாருங்கள், ஏனென்றால் விண்ணப்பக் காலம் குறுகியது.

எஸ்எஸ்பிஎன் சேமிப்பு இருந்தால் இப்போது எடுங்கள். இரண்டும் போதவில்லையென்றால், பதிவு நாளுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவுக்குப் பிள்ளையே கடிதம் எழுதட்டும். வருமானச் சான்றின் நகலை இணைத்து, கட்டணத்தைத் தள்ளிக் கட்ட அனுமதி கேட்க வேண்டும். பணம் இல்லை என்று வெட்கப்பட்டு பதிவுக்கே போகாமல் இருந்துவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. இடம் போய்விடும்.

9. மற்ற கதவுகள்

அப்பா அம்மாவின் ஊழியர் சேமநிதி. 2024 மே 11 முதல் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா 15, ஃபிளெக்சிபல் 10. பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்குச் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம். அழைப்புக் கடிதமும், கட்டண விவரமும், உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரமும் வேண்டும். ஒன்றாம் படியில் பெயர் சரியில்லாமல் இருந்தால் இங்கேயும் சிக்கும். இது முதுமைக்கான பணம் என்பதால் கடைசியாகத் தொடச் சொல்லுங்கள்.

அப்பா வேலையில் விபத்துக்குள்ளாகி, அல்லது இறந்து, குடும்பம் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஓய்வூதியம் பெறுகிறதா? அந்தப் பிள்ளைகளுக்குச் சொக்சோவில் கல்விக் கடன் உண்டு. இதைக் கேள்விப்படாத விதவைத் தாய்மார் பலர்.

தாத்தா பாட்டி தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்தால் அந்த உறுப்பினர் புத்தகத்தைத் தேடச் சொல்லுங்கள். 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. பங்கு யார் பெயரில் இருக்கிறது, வாரிசுக்கு மாற்றியாகிவிட்டதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் சங்க உறுப்பினராக இருந்தால் சங்கக் கிளையிலும், பெரிய நிறுவனத்தின் தோட்டமாக இருந்தால் மேனேஜர் ஆபீசிலும் உபகாரச் சம்பளம் பற்றிக் கேளுங்கள். கல்வி மேம்பாட்டு நிறுவனமான எம்ஐஇடி இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் தருகிறது. மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா அவ்வப்போது அறிவிக்கும் உதவிகள் குறுகிய காலமே திறந்திருக்கும், அறிவிப்பு வந்த நாளே விண்ணப்பிக்க வேண்டும். கோப்பு தயாராக இருக்கும் குடும்பத்துக்குத்தான் இது முடியும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். விண்ணப்பிக்கலாம். ஆனால் முழு உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டால் பிடிபிடிஎன் கடனையும் சேர்த்துப் பெற முடியாது. எது கிடைத்தாலும் மற்ற இடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

10. பணம் வரத் தொடங்கிய பிறகு

பணம் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். முதல் முறை வந்ததும் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மீதியை மாதங்களால் வகுத்து எழுதி வைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் அப்பாக்களும் இருக்கிறார்கள். மரியாதையாக, ஆனால் உறுதியாக, அது பிள்ளையின் சாப்பாட்டுப் பணம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மொத்தப் புள்ளிச் சராசரி 2.00க்குக் கீழே போனால் கடன் நிறுத்தப்படும். முதல் பருவத்தில் தடுமாறும் பிள்ளையைத் திட்டாமல், ஆலோசகரைப் பார்க்கச் சொல்லுங்கள். படிப்பை மாற்றினாலோ, பருவத்தைத் தள்ளிவைத்தாலோ, வேறு இடத்துக்கு மாறினாலோ பிடிபிடிஎன்னுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் படிப்பு முடிந்துவிட்டது என்று கணக்கில் ஏறி, திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

பட்டப்படிப்பில் முதல் வகுப்பில் தேறுபவர் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். அதற்கும் விண்ணப்பம் உண்டு, கெடு உண்டு. பட்டமளிப்புப் படம் எடுக்கும் வாரத்திலேயே அந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்லுங்கள்.